வெடிக் கண்டாக்கும் கத்துகிற பெட்டியும்

பூண்டுலோயாப் பக்கத்து மலைகளில் எதிரொலி என்ற ஒன்று உண்டானதே எங்கள் தேயிலைத் தோட்டத்து மேற்பார்வையாளர் வெடிக் கண்டாக்கையாவுக்காகத்தான். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, ஆள் பிரித்து மலைக்கு அனுப்பும்போது அவர் போடுகிற சத்தத்தில் அடுத்த தோட்டத்து ஆட்களும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிந்தி வருகிறவர்களைக் குடியிருக்கிற லயத்துக்கே திருப்பி விரட்டுவார். ஆபீஸ் கிளாக்கரான நான் அவரிடம் ஏச்சு வாங்காத நாளில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் இருக்கும். பிள்ளை குட்டி இல்லாத மனுஷன், ஆஸ்பத்திரிக்குத் துணையாக நான்தான் போனேன். கதிர் சிகிச்சை மேசையில் முகத்துக்கு வலைமூடி மாட்டி அசையாமல் படுக்க வேண்டும். முதல் இரண்டு நாளும் மூடியைப் பிய்த்துக்கொண்டு எழுந்துவிட்டார். இப்படியே போனால் சிகிச்சை கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் சிங்கள நர்ஸ் ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் கவ்வியை விரலில் மாட்டினால் உள்ளே இருக்கிற பதற்றத்துக்கு ஏற்றபடி கூவும். மூச்சை மெல்ல விட்டு மனதைத் தணித்தால் கூவலும் தணியும். அப்படிப் பழகிக்கொண்டால் மேசையில் பயம் வராதாம்.

மாட்டியதுமே அது வீறிட்டது. கண்டாக்கையா விடுவாரா?

"யாருகிட்ட கத்துற? பேசாம நில்லு. இல்லாட்டி லயத்துக்கு அனுப்பிருவேன்."

பெட்டி இன்னும் உச்சத்துக்குப் போனது. இவரும் போனார். பக்கத்து வார்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏச ஏச அது கூடத்தான் கத்துது ஐயா" என்றேன்.

"புது ஆளு. அப்படித்தான் இருக்கும்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாத்தயா, ஏச வேணாம். மனசுக்கு நல்லா இருக்கிற நேரம் ஒண்ணு நெனைங்க" என்றார்.

கண்ணை மூடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கூவல் மெல்ல இறங்கி நின்றே போய்விட்டது.

"என்னாங்க நெனைச்சீங்க?" என்று கேட்டேன்.

"பெரட்டு கலைஞ்ச பொறகு ஒரு பிளேண்டித் தேத்தண்ணி குடிப்பேன்ல, அத. அதுவரைக்கும் எவனுக்கு காச்சலோ, எவ வழுக்கி விழுந்தாளோன்னு எனக்கு நெஞ்சு படபடன்னுதான் இருக்கும் கிளாக்கர்."

இத்தனை வருஷம் கூடவே இருந்த எனக்கு அன்றுதான் அது தெரியும். மறுநாளிலிருந்து மேசையில் ஆடாமல் அசையாமல் படுத்தார்.

கடைசி நாள். அவர் உள்ளே போயிருந்தபோது நர்ஸ் விளையாட்டாகக் கவ்வியை என் விரலில் மாட்டினார். பெட்டி வீறிட்டது. மூச்சை எப்படி விட்டும் நிற்கவில்லை.

"நீங்க அவருக்கு யாரு?"

"யாருமில்ல மிஸ். அவருகிட்ட ஏச்சு வாங்குறவன்."

கதவு திறந்தது. கண்டாக்கையா தேய்ந்துபோன குரலில், "ஆஸ்பத்திரியில என்னா கிளாக்கர் கூச்சல்?" என்று ஏசினார்.

அதற்குப் பிறகுதான் பெட்டி அடங்கியது.