ஈ காக்கா இல்லாத ஊர்

அமைதிப்பிரியர் என்றோர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. விடுமுறைக்குக் குடும்பத்தோடு பெரிய பீச்சுக்குப் போகிறோம் என்று நீங்கள் வாயைத் திறந்ததுமே, "அங்கயா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பாரே, அவரேதான். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். டீயை ஒரு வாய் குடிப்பார், கண்ணை மூடுவார், பெருமூச்சு விடுவார். "கூட்டம் சார்... மனுஷன் போவானா?" என்பார். மனுஷன் போகாமலா கூட்டம் வந்தது? இதை நீங்கள் கேட்கமாட்டீர்கள். கேட்டால் இன்னொரு டீ ஆகும்.

நம்மவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். இந்த வருஷம் அவர் ஒரு மீனவ கிராமத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது என்பது அவர் வார்த்தை. அங்கே இருநூறு குடும்பங்கள் ஏற்கெனவே குடியிருந்தன. ஹோட்டல் கிடையாது, ராட்டினம் கிடையாது, பலூன்காரன் கிடையாது, "ஒரு ஈ காக்கா கிடையாது சார்!" என்று அலுவலகத்தில் நாற்பது பேரிடமும், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, தனித்தனியாகச் சொல்லி முடித்தார்.

வீட்டுக்காரம்மாவுக்கோ பெரிய பீச்சின் மேல் பதினெட்டு வருஷத்து ஆசை. நாலு ஜனத்தைப் பார்க்கவேண்டும், பாசிமணிக்குப் பேரம் பேசவேண்டும், இடிபடுகிற கூட்டத்தில் ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழியவேண்டும். ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றே அவர் தள்ளிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை அம்மா ஒரு கிடுக்கிப்பிடி போட்டார்.

"சரி, வர்றேன். ஆனா ஒண்ணு. மூணு நாள்ல ஒரு நாளாவது என் விடியக்காலத் தூக்கம் கெட்டுச்சுன்னா, இனிமே லீவுக்கு எங்க போறதுன்னு நான்தான் சொல்வேன்."

"கெடவே கெடாது."

"ஒரு வருஷத்துக்கு இல்ல. ஆயுசுக்கும்."

"எழுதி வேணா தரேன்!" என்றார். வாய் யாரைச் சும்மா விட்டது?

கிடைத்தது ஒரு படகுக்காரர் வீட்டு மாடியறை. ஜன்னலைத் திறந்தால் மீன் இறக்குகிற கரை. மீன் இறங்குகிற இடத்தில் ஈயும் காக்காயும் இல்லாமல் என்ன இருக்கும்? பெட்டியைத் திறப்பதற்குள் ஈ மொய்த்தது, ஜன்னல் கம்பியில் ஏழு காக்காய் உட்கார்ந்து இவர்களை வேடிக்கை பார்த்தன. "இயற்கை" என்றார் நம்மவர்.

மறுநாள் விடியலில் படகுகள் திரும்பின. எஞ்சின்கள் தடதடத்தன, ஐஸ் உடைக்கிற மெஷின் கடகடத்தது, மீன்பெட்டிகளைத் தரையில் தரதரவென்று இழுத்தார்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஏலக்காரம்மாவின் குரல் எழும்பியது. குரலா அது! கரையில் நின்று கூப்பிட்டால் நடுக்கடலில் போகிற கப்பல் திரும்பிப் பார்க்கும். அமைதிப்பிரியர் அலறியடித்து எழுந்தார், ஜன்னலைச் சாத்தினார், மேலே போர்வையைத் தொங்கவிட்டார், கதவிடுக்கில் தலையணையைச் செருகினார், திரும்பிப் பார்த்தார். அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

பதினெட்டு வருஷம் அவர் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்த காது அது. ஐஸ் மெஷினெல்லாம் அதற்குத் தாலாட்டு. இது அவருக்கு எங்கே தெரியப்போகிறது? குறட்டை விடுகிறவன் என்றைக்குத் தன் குறட்டையைக் கேட்டான்? எல்லாம் போர்வையின் மகிமை என்று நினைத்துக்கொண்டார். இரண்டாம் நாளும் இப்படியே காவல் காத்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருக்க, "எப்படி, அமைதி?" என்று அம்மாவைக் கேட்டார்.

மூன்றாம் நாள் ஒரு படகு மீனை அள்ளிக்கொண்டு வந்தது. பதினாலு பெட்டியையும் சரியாக இவர்கள் ஜன்னலுக்குக் கீழே இறக்கினார்கள், ஏலக்காரம்மா தொண்டையைச் செருமினார். இவர் கட்டிய கைலியோடு கீழே ஓடினார்.

"அம்மா, கொஞ்சம் மெதுவா ஏலம் விடக்கூடாதா?"

வியாபாரிகள் கொல்லென்று சிரித்தார்கள். ஏலக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மெதுவா விட்டா யாருக்குக் கேக்கும் சார்?"

"மேல வீட்டுல தூங்குறாங்க..."

"ஏலம்னா போட்டி. போட்டின்னா சத்தம். சத்தமே வேணாம்னா ஒரே வழிதான். மொத்தத்தையும் நீங்களே எடுத்துக்கங்க. அப்புறம் நான் வாயத் தொறந்தா ஏன்னு கேளுங்க."

அந்தம்மா விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் நம்மவர் கண்முன்னே ராட்டினம் சுற்றியது. ஆயுசுக்கும் பெரிய பீச்! பலூன்காரன்! ஐஸ்கிரீம்! பர்ஸை அப்படியே அந்தம்மா கையில் கவிழ்த்து, "எடுத்துக்கிட்டேன்" என்று கிசுகிசுத்தார்.

கரை கப்சிப். வியாபாரிகள் வாயடைத்துப் போனார்கள். ஐஸ்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அந்த ஊர் அப்படியோர் அமைதியை அதுவரை கண்டதில்லை.

மாடியில் அம்மா திடுக்கிட்டு விழித்தார். பக்கத்தில் குறட்டை இல்லை. கீழே இரைச்சல் இல்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

கீழேயோ, "வெயில் ஏறுது சார். உங்களுக்கு லீவுன்னு மீன் காத்திருக்காது" என்றார் ஏலக்காரம்மா.

"மீன்... மீன் வேணுமா?" என்றார் இவர், பக்கத்தில் நின்றவர் காதோடு.

"என்ன சொன்னீங்க? கேக்கலையே!" என்று எல்லோரும் காதில் கைவைத்தார்கள். பாவிகள்!

ஒரு காக்காய் வந்து ஒன்றைக் கவ்வியது. இன்னொன்று வந்தது. அவ்வளவுதான். அமைதிப்பிரியர் பெட்டிமேல் ஏறினார், கைலியை மடித்துக் கட்டினார், கழுத்து நரம்பு புடைக்க, "வாங்க! வாங்க! இப்ப வந்த மீனு! கேளுங்க, கேளுங்க!" என்று போட்ட கூச்சலில் ஏலக்காரம்மாவே ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

அம்மா வந்து நின்றது அப்போதுதான்.

"தூக்கம் கெட்டுச்சு" என்றார்.

"சத்தத்துலயா?" இவர் முகம் செத்துவிட்டது.

"இல்லங்க. சத்தம் நின்னு போச்சு. உங்க குறட்டையும் காணோம். உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு உசிரே போயிடுச்சு எனக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையை இடுப்பில் வைத்தார். "கெட்டது கெட்டதுதானே? இனிமே பெரிய பீச்! சரி, அந்த மீசைக்காரருக்கு அவ்வளவு சல்லிசா விடாதீங்க, இன்னும் ஏத்துவாரு. நகருங்க, நான் பாக்குறேன்!"

திங்கட்கிழமை நம்மவர் அலுவலகத்துக்கு வந்தார். தொண்டையில் மருந்துக்குக்கூடக் குரல் இல்லை. எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம் கண்ணை மூடி, வெறும் காற்றாக, "அப்படி ஒரு அமைதி சார்!" என்றார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் ஒரு தடவையாவது, 'அது எந்த ஊராக இருக்கும், கூட்டம் சேர்வதற்குள் நாம் ஒரு நடை போய்வந்துவிடலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும்.