என் காரும் அவள் காலும்

ஆண்பிள்ளை என்றால் வாழ்நாளில் ஒரு சபதமாவது எடுக்க வேண்டும். நான் சாப்பாட்டு மேஜையில் எடுத்தேன். மேஜை முழுக்கச் சட்டைக் காலர்கள் குவிந்திருந்ததால் தட்டைக் கையில் ஏந்தியபடி எடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நம்ம கார் பெட்ரோலுக்குப் பதிலா எத்தனால்ல ஓடும். மேட்டுத் தெருவை ஒரே மூச்சுல ஏறும்!"

"ஏறலைன்னா?" என்றாள் என் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல். பள்ளிச் சீருடை தைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். எங்கள் ஹாலில் மூன்று மெஷின்கள். நான் நாலாவது, ஓடாதது.

"ஏறலைன்னா காரும் ஷெட்டும் உன் இஷ்டம்."

"ஏறினா?"

"கார் நம்மகிட்டயே இருக்கும்."

"சரி" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விஷயம் சுலபம்தான். எத்தனால் குடிக்கிற இன்ஜினுக்குப் பெட்ரோலைவிடத் தாராளமாக ஊற்ற வேண்டும். எவ்வளவு தாராளம் என்று சொல்வதற்காக, புகைக்குழாயில் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்றைத் திருகி வைத்தேன். தட்டில் கிடக்கும் மிச்சத்தைப் பார்த்து விருந்தாளியின் பசியைக் கண்டுபிடிக்கிற மாதிரி, புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அது மோப்பம் பிடிக்கும். அதோடு இணைத்த மீட்டரில் முள் 1-ல் நின்றால் கச்சிதம். மேலே போனால் இன்ஜின் பட்டினி. கீழே போனால் அஜீரணம். லேப்டாப்பில் தட்டி எரிபொருளைக் கூட்டலாம், குறைக்கலாம்.

மீட்டர் பட்டினி என்றது. கூட்டினேன். இன்னும் பட்டினி என்றது. இன்னும் கூட்டினேன். கார் இருமியது, விக்கியது. தெருவே நாறியது.

அவள் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"என்னங்க, பசிக்குதுன்னு சொல்றவன் எதுக்கு வாந்தி எடுக்கறான்?"

"மீட்டர் பொய் சொல்லாதும்மா."

"நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்க" என்று குனிந்தவள், ஒரு துண்டு நூலைப் புகைக்குழாய் ஓரமாகப் பிடித்துக்கொண்டே போனாள். சென்சாருக்குச் சற்று முன்னால் இருந்த இணைப்பில் நூல் படபடவென்று ஆடியது.

"இங்க ஓட்டை. வெளிக்காத்து உள்ள போகுது. அதை மோந்துட்டுத்தான் உங்க மீட்டர் பசி பசின்னு கத்துது."

எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. "நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றேன்.

ஓட்டையை அடைத்தேன். அடுத்த வம்பு தெருவில் காத்திருந்தது. ஓட்டிக்கொண்டே மீட்டரைப் பார்த்ததில் எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி சப்பையாகிவிட்டது.

"ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் பார்க்கணும். உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே" என்றேன்.

"லைசென்ஸ் எடுத்து எவ்வளவோ நாளாச்சு. சாவிதான் உங்க இடுப்பை விட்டு இறங்கல."

ஓட்டினாள். அடடா, அது கால்! வருஷக்கணக்காகத் தையல் மெஷினை மிதித்துப் பழகிய கால். நான் மிதித்தால் மீட்டர் கூத்தாடும். அவள் மிதித்தால் முள் இம்மி அசையாது. "அப்படியே புடி! கால் நிலையா இருந்தாத்தான் கணக்கு சரியா வரும்!" என்று பூரித்துப்போய்க் கத்தினேன். அவள் மிதிக்க, நான் தட்ட, எந்த வேகத்திலும் மீட்டர் முள் 1-லேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கார் முக்காமல் முனகாமல் மேட்டுத் தெருவை ஏறியது.

"ஜெயிச்சுட்டேன்!" என்று குதித்தேன்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க. யாரு இல்லைன்னாங்க?"

திங்கட்கிழமை காலை மூன்று மெஷின்களும் ஷெட்டில் இருந்தன. கார் வாசலில் நின்றது, பின்சீட் முழுக்கச் சீருடை மூட்டைகளோடு.

"பந்தயத்துல ஜெயிச்சது நான்!"

"ஆமா. ஜெயிச்சா கார் நம்மகிட்ட இருக்கும்னீங்க. இருக்கு. ஜெயிச்சா ஷெட்டு யாருக்குன்னு யாரு பேசினா? நாள் பூரா கடை கடையா ஓடற காருக்கு ஷெட்டு எதுக்கு?"

"சாவியையாவது கொடு."

"கொடுக்கறதுக்கென்ன? ஆனா இது என் காலுக்கு ட்யூன் பண்ணினதாச்சே. நிலையான கால் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். போய்ச் சேர்வதற்குள் என் கார் வந்தது. இன்ஜின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. இவளைப் போல ஒருத்தி எந்த வீட்டிலும் கிடையாது என்று உள்ளம் குளிர்ந்து கை காட்டினேன். ஹார்ன் அடித்துவிட்டு நிற்காமல் போனாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது: முன்சீட்டில் ஒரு துணி மூட்டை உட்கார்ந்திருந்தது, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு.