ஸ்பிதி தாபாவில் கரம் கானா

புது மாப்பிள்ளை வாயிலிருந்து வருகிற எதையும் மாமனார் வீடு கொஞ்ச நாளைக்கு அப்படியே நம்பிவிடும். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. கோச்சடையில் மாமனார் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “எனக்கு இந்தி தெரியும் மாமா” என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தேன். கை கழுவுவதற்குள் எனக்கு அது மறந்துபோனது. மாமாவுக்கு மறக்கவில்லை.

அவருக்குப் பனிமலை பார்க்கும் ஆசை ரொம்ப காலமாக உண்டு. போகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் பாஷை. இப்போது வீட்டுக்குள்ளேயே ஒரு இந்திப் பண்டிதன் கிடைத்துவிட்டான். மாமா, அத்தை, என் மனைவி வித்யா, நான் என நாலு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டுத்தான் எனக்குத் தகவல் சொன்னார். மணாலி வரை போய், அங்கிருந்து ஜீப்பில் ஸ்பிதிப் பள்ளத்தாக்கு.

டவுன்ஹால் ரோட்டுக்கு ஓடி, இந்தியைத் தமிழ் எழுத்தில் சொல்லிக்கொடுக்கும் புத்தகம் ஒன்றை வாங்கினேன். ரயிலில் மேல் பெர்த்தில் போர்வைக்குள் வைத்துப் படித்தேன். (வித்யா என்னவென்று கேட்டால் ஆபீஸ் விஷயம் என்பேன். போர்வைக்குள் என்ன ஆபீஸ் என்று அவளும் கேட்கவில்லை.)

மணாலி வரை மானம் போகவில்லை. மெனு கார்டில் படம் இருந்தது, தொட்டுக் காட்ட எனக்கு விரல் இருந்தது. மலை ஏறிய பிறகு டிரைவர் தோர்ஜே பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு தாபாவிலும் அவரே உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவார். நம் பைபாஸ் ரோட்டில் சீரியல் விளக்கு போட்ட தாபாக்கள் இருக்கிறதே, அதை நினைத்துவிடக் கூடாது. மரம், வீடு, மனிதர் எதுவுமே இல்லாத மொட்டை மலைக்கு நடுவில், கல்லை அடுக்கி மேலே தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். உள்ளே நடுவில் தகர அடுப்பு, சுற்றிலும் கம்பளி விரித்த திண்டு, கொதிக்கிற டீ. மாமாவுக்கு எல்லாம் பிடித்திருந்தது, பரோட்டாவைத் தவிர. பரோட்டா என்று சொல்லி உருளைக்கிழங்கை உள்ளே வைத்துத் தயிரோடு கொடுத்தார்கள். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சால்னாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று என்னைக் கேட்பார். நான் விசாரிப்பது போலச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டு வந்து, இன்றைக்குத் தீர்ந்துவிட்டதாம் என்பேன்.

அன்று மதியம் கணவாயைத் தாண்டி இறங்கும்போது டயர் பஞ்சர். மாற்று டயர் ஏற்கெனவே காலையில் பழுதாகிவிட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு தாபா தெரிந்தது. தோர்ஜே எங்களை அங்கே இறக்கிவிட்டு, ஜீப்பை மெல்ல உருட்டிக்கொண்டு பஞ்சர் ஒட்டும் இடம் தேடிப் போனார். அத்தையின் முறுக்கு, பிஸ்கட் எல்லாம் ஜீப்போடு போயின.

மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. தாபாவைப் பார்த்ததுமே, சோறு வந்துவிடும் என்கிற நம்பிக்கையில் மாத்திரையைப் போட்டுவிட்டார்.

“மாப்ள, மாத்திரைய முழுங்கிட்டேன். சீக்கிரம் சோத்தச் சொல்லுங்க” என்றார். குரலில் என் இந்தி மேல் அவ்வளவு நம்பிக்கை.

உள்ளே ஏழெட்டு லாரி டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தாபாக்காரர் தொப்பியும் சிரித்த முகமுமாக வந்து நின்றார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, புத்தகத்தில் படித்ததை அப்படியே சொன்னேன். “ஹமே கானா சாஹியே.”

இங்கேதான் ‘க’ என்னைக் கவிழ்த்தது. இந்தியில் சாப்பாடும் கானாதான், பாட்டும் கானாதான். சாப்பாடு என்றால் முதலெழுத்தில் மூச்சுக்காற்றை ஊத வேண்டும். பாட்டு என்றால் நாம் கானாப் பாட்டு என்கிறோமே, அதே உச்சரிப்பு. என் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே ‘க’. நான் சென்னைக் கானாவைச் சொல்லிவிட்டேன். எங்களுக்குப் பாட்டு வேண்டும் என்று அர்த்தமாகிவிட்டது. இதெல்லாம் பிறகு தோர்ஜே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தாபாக்காரர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, அலமாரியில் இருந்த ஸ்பீக்கரில் ஒரு மெதுவான பாட்டைப் போட்டார். நல்ல உபசரிப்பு என்று நாங்களும் கேட்டோம். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வந்தது. சோறு வரவில்லை. ஒருவேளை ஆறிப்போனதைச் சுட வைக்கிறாரோ என்று நினைத்து, “கரம் கானா” என்றேன். சூடான சாப்பாடு என்று நான் நினைத்துக்கொண்டு சொன்னது, அவர்களுக்குச் சூடான பாட்டு என்று கேட்டது. லாரி டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் விசில் அடித்தார். தாபாக்காரர் மாமாவையும் அத்தையையும் கொஞ்சம் தயக்கத்தோடு பார்த்துவிட்டு, தார்ப்பாய் அதிர்கிற மாதிரி ஒரு குத்துப்பாட்டைப் போட்டார்.

மாமாவுக்கு வேர்க்க ஆரம்பித்தது. அந்தக் குளிரில் வேர்த்தால் அது சர்க்கரை இறங்குகிற வேர்வை. எனக்குப் பதறிவிட்டது. எழுந்து நின்று, ஸ்பீக்கரைக் காட்டி அது வேண்டாம் என்று கையை ஆட்டி, என் நெஞ்சைத் தொட்டு, “ஹமாரா கானா, ஹமாரா கானா” என்றேன். எங்கள் சாப்பாடு என்று சொல்கிறேனாம்.

ஸ்பீக்கர் நின்றது. லாரி டிரைவர்கள் நகர்ந்து உட்கார்ந்து நடுவில் இடம் விட்டார்கள். ஒருவர் காலி எண்ணெய் டின்னை எடுத்து மடியில் கவிழ்த்துவைத்து, ஆரம்பிக்கலாம் என்பது போல என்னைப் பார்த்தார்.

வித்யா என் காதருகே வந்தாள். “பாடுனாத்தான் சோறு போடுவாங்க போலங்க. இந்த ஊரு வழக்கமா இருக்கும். ஏதாச்சும் ஒரு பாட்டுப் படிங்க.”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் வாயைத் திறந்தால் ஒரு பாட்டுகூட நினைவுக்கு வரவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் படித்த காலத்தில் மினிபஸ் கண்டக்டர் ராகம் போட்டுக் கூவுவதுதான் வந்தது. அதையே பிடித்துக்கொண்டேன். காளவாசல், பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி என்று இழுத்து, படியில் ஏறு, உள்ளே போ, சில்லறை எடு என்று முடித்தேன். டின்காரர் பிரமாதமாக அடித்தார். காளவாசலுக்கு எல்லோரும் கைதட்டினார்கள். மறுபடி கேட்டார்கள். மறுபடி பாடினேன். மாட்டுத்தாவணியில் இரண்டு பேர் எழுந்து ஆடினார்கள். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அத்தைதான் பொறுமை இழந்தார். எழுந்து நேராகச் சமையல்கட்டுக்குள் போனார். பெரிய அண்டாவின் மூடியைத் தூக்கினார். தாபாக்காரரைக் கூப்பிட்டு, மாமாவைக் காட்டி, ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனார்.

“சோறுப்பா, சோறு. அவருக்கு மயக்கம் வருது.”

தாபாக்காரர் அத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முதலெழுத்தில் நன்றாக மூச்சை ஊதி, “க்ஹானா?” என்றார். அத்தை தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்தத் தாபாவில் சிரிக்காதவர்கள் நானும் மாமாவும் மட்டும்தான். மாமாவுக்கு அதற்குத் தெம்பில்லை. தாபாக்காரர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே ஓடிப்போய், முதலில் சர்க்கரை அள்ளிப் போட்ட டீயைக் கொண்டுவந்து மாமாவின் கையில் கொடுத்தார். பின்னாலேயே ஆவி பறக்கிற சோறும் ராஜ்மா குழம்பும் வந்தன. தட்டு காலியான பிறகுதான் மாமா நிமிர்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

“மாப்ள, உங்க இந்தி அம்புட்டுத்தானா?” என்று கேட்டார். கோபமே இல்லை. அதுதான் கொடுமை.

தோர்ஜே ஜீப்போடு திரும்பியதும் லாரி டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கமாக நின்று நடந்ததை நடித்துக் காட்டினார்கள். அவர் சிரித்து முடித்துவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில் எங்களுக்கு விளக்கினார். மலையிலிருந்து இறங்கும்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்த நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வந்தேன்.

போன மாதம் வித்யாவின் தம்பிக்குப் பெண் பார்க்க கே.கே. நகருக்குப் போயிருந்தோம். இப்போதெல்லாம் யாரும் பெண்ணைப் பாடச் சொல்வதில்லை. ஆனால் பெண்ணின் பெரியம்மா, எங்கள் பிள்ளை நன்றாகப் பாடுவாள் என்று பெருமையாக ஆரம்பித்தார். பெண் சங்கடத்தில் நெளிந்தது.

மாமா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, பெண்ணிடம் சொன்னார்.

“அதெல்லாம் வேணாம் தாயி. எங்க வீட்டுல பாட்டுக்கு மாப்ள இருக்காரு. நீ சாப்பிட மட்டும் வந்தாப் போதும்.”

பெண் வீட்டார் மொத்தப் பேரும் என் பக்கம் மரியாதையாகத் திரும்பினார்கள். பெரியம்மா எனக்காக நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டார். வித்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து என் காதில் சொன்னாள்.

“கரமாப் படிங்க.”