நாலுக்கும் கீழே

இரண்டு நாள் விடுமுறை முடிந்து காகித ஆலையைத் திறந்ததுமே கன்ட்ரோல் ரூமில் அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியின் மீட்டர் முள் நாலுக்கும் கீழே, பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

மெக்கானிக் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தான். மீட்டர்களெல்லாம் அவன் பொறுப்பு. ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியாயிற்று. மூன்றாவது வந்தால் வேலைக்கு முழுக்குத்தான். "இன்னொரு மெமோவோட வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்று மனைவி காலையில் செருப்பு மாட்டும்போதுதான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"பூஜ்யம்னா தொட்டி காலி. பம்பைப் போடு," என்றார் மேனேஜர். பிஸ்கட் கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"இல்லை சார். காலின்னா நாலு மில்லி ஆம்பியர் கரண்ட் வரும். நிறைஞ்சா இருபது."

"காலித் தொட்டிக்கு எதுக்குய்யா நாலு?"

"உயிரோட இருக்கேன்னு சொல்றதுக்கு, சார். எவ்வளவு நீள வயரா இருந்தாலும் கரண்ட் குறையாம வந்து சேரும், அதனாலதான் அதுலயே சேதி அனுப்பறோம். சொட்டுத் தண்ணி இல்லேன்னாலும் நாலு வந்தே ஆகணும். பூஜ்யம் வந்தா வயர் அறுந்திருக்கு, இல்லேன்னா கருவி போயிடுச்சு. காலியும் கோளாறும் ஒண்ணாத் தெரிஞ்சிடக் கூடாதில்லையா? ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"அரை கிலோமீட்டர் மழையில நடந்து, வயரைத் தடவித் தடவிப் பார்த்து நீ எப்ப வர்றது? பதினொரு மணிக்கு முதலாளி வர்றார். இங்கேயிருந்தே ஏதாவது பண்ணு!"

எதிர்த்துப் பேசும் தெம்பு அவனுக்கு இல்லை. சோதனைக்கு வைத்திருந்த, வேண்டிய அளவு கரண்டை அனுப்பும் சிக்னல் பெட்டியை எடுத்து, தொட்டி வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டினான். காலி என்றுதானே சொல்கிறார், காலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாலில் வைத்தான்.

அலாரம் அடங்கியது. தொட்டியை நிரப்பும் பம்பு தானாகவே ஓட ஆரம்பித்தது.

"பார்த்தியா?" என்றார் மேனேஜர்.

இருபது நிமிடத்தில் போன் அடித்தது. எடுத்துக் கேட்ட ஆபரேட்டர் பெண் கத்தினாள். "அண்ணே, தொட்டிக்குப் பக்கத்துக் குடோனுக்குள்ள முழங்கால் தண்ணியாம்! பேப்பர் உருளையெல்லாம் மிதக்குதாம்! தொட்டி வழியுது போல."

அப்படியானால் தொட்டி நிறைந்தேதான் இருந்திருக்கிறது! மெக்கானிக் பெட்டியை இருபதுக்குத் திருப்பினான். பம்பு நின்றது. தொட்டி நிறைந்திருப்பதாக நம்பிய பேனலில், மெஷினை ஓட்டலாம் என்று பச்சை விளக்கு எரிந்தது.

"ஓட்டு, ஓட்டு!" என்று மேனேஜர் கையைத் தட்டினார்.

மெஷின் ஓடியது. தண்ணீர்தான் வரவில்லை. தொட்டியிலிருந்து தண்ணீர் இழுக்கும் இன்னொரு பம்பு வெறும் காற்றை இழுத்து இழுத்துச் சூடேறி, கருகல் நாற்றத்தோடு புகைந்து நின்றது. அதற்குள் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த காகிதம் கிழிந்து, உருளைகளில் சுற்றிக்கொண்டது.

"ரொம்பி வழியற தொட்டியில தண்ணி இல்லையாய்யா?"

பதினைந்து வருடத்தில் இப்படியொரு தொட்டியை மெக்கானிக் பார்த்ததே இல்லை. தனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதோ என்று பயமாகக்கூட இருந்தது.

மூன்றாவது மெமோ சுடச்சுட டைப் ஆகி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது? அந்தப் பாழாய்ப்போன தொட்டியைக் கண்ணாலாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று மழையில் இறங்கி நடந்தான். வீட்டில் எப்படிச் சொல்வது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தான்.

தொட்டி வளாகத்தின் கதவு பூட்டியிருந்தது. பக்கத்துக் கூண்டில் வாட்ச்மேன் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"கதவைத் திறங்கண்ணே. தொட்டியைப் பார்க்கணும்."

வாட்ச்மேன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தத் தொட்டி தம்பி? பழைய இரும்புக்குன்னு முந்தாநாளே வெட்டி லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்களே, உங்க மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு இதோ என்கிட்டதானே இருக்கு!"