உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது

கம்ப்யூட்டர் தெரிந்தவர்களில் இரண்டு ரகம் உண்டு. "அடுத்து" என்ற பொத்தானை அழுத்துமுன் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர்கள் ஒரு ரகம். மற்ற ரகத்துக்கு ஒரு தலைவி தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடலாம்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம் அது. தகவல் தொழில்நுட்பம் என் பாடங்களில் ஒன்று. அந்த ஒரு பாடத்தின் பலத்தில், திம்புள்ளப் பக்கத்திலிருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம் முழுவதற்கும் என்னை நானே கம்ப்யூட்டர் எஞ்சினியராக நியமித்துக்கொண்டேன். (சம்பளம் கிடையாது. அதனால் போட்டிக்கும் ஆளில்லை.) கொழும்பில் கடையில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பிய பழைய லெப்டொப், எங்கள் லயத்துக் காம்பராவில் (கம்பனி கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று) கூரை அதிகம் ஒழுகாத ஒரே மூலையில் இருக்கும். அந்த மூலையிலும் நம்பிக்கை இல்லாத அம்மா, அதற்கு மேலே ஒரு குடையை விரித்து வைத்திருப்பார். பக்கத்தில் ஒழுகும் தண்ணீருக்கு ஒரு சட்டி. புதிதாக வருபவர்கள் ஏதோ சாமி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிடுவார்கள்.

அந்த லெப்டொப்பில் எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தேன். "கம்ப்யூட்டர்னா இங்கிலீசுதானே புள்ள" என்ற முருகேசு மாமாவுக்கு (பக்கத்துக் காம்பராக்காரர், அப்பாவின் வலது கை) ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் காட்டிப் பெருமையடித்தேன். உலாவி, தேடல், அமைப்புகள். இந்தத் தமிழ்ப் பற்றுதான் பிறகு என்னைத் தோட்டத்து மனேஜரான துரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. லெப்டொப்பில் இருந்த எழுத்து அம்மனின் கௌரவத்துக்குப் போதாது என்று எனக்குப் பட்டது. இலவச அலங்கார எழுத்துரு தேடினேன். ஒரு தளத்தில் பெரிய பச்சைப் பொத்தான் மின்னிக்கொண்டிருந்தது. அடுத்து, அடுத்து, சம்மதம், அடுத்து, முடிந்தது. அந்த எழுத்தைத் தவிர மற்ற எல்லாம் வந்து இறங்கியது.

மறுநாள் உலாவியைத் திறந்தால், வழக்கமான தேடல் பக்கத்தைக் காணோம். பூதக்கண்ணாடிப் படம் போட்ட ஏதோ ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தது. நுவரெலியா பஸ் நேரம் தேடினால் சூதாட்டமும் முடி வளர்க்கும் எண்ணெயும் வந்தன. மூலையிலிருந்து ஒரு பெட்டி குதித்துக் குதித்து வாழ்த்துச் சொன்னது.

"என்னாவாம்?" என்றார் அம்மா.

"நம்ம ஒரு போன் ஜெயிச்சிட்டோமாம்."

"அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?"

தேடல் பக்கத்தைப் பழையபடி மாற்றினேன். மூடித் திறந்தால் மறுபடி பூதக்கண்ணாடி. உலாவியில் ஒட்டிக்கொண்டிருந்த துணைநிரலை அழிக்கப் போனால், மற்றவற்றுக்கெல்லாம் இருந்த "அகற்று" பொத்தான் அதற்கு மட்டும் இல்லை. சரி, முள்ளை முள்ளால் எடுப்போம் என்று இலவசமாகச் சுத்தம் செய்யும் ஒன்றை இறக்கினேன். (ஆமாம், இன்னொரு பச்சைப் பொத்தான்.) எலி பிடிக்க வந்த பூனை குடும்பத்தோடு குடியேறியது. இப்போது இரண்டு பெட்டிகள் மாறி மாறி வாழ்த்துச் சொல்லின.

அப்போதுதான் உலாவிப் பட்டியலின் அடியில் அந்த வரியைப் பார்த்தேன்: "உங்கள் உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது."

வேறு ஊரில் இருப்பவர்களுக்கு இது தூக்கம் வரவைக்கும் வாக்கியம். தோட்டத்தில் பிறந்தவளுக்கு அப்படியில்லை. நாங்கள் இருக்கும் காம்பரா நிறுவனத்துடையது. கூரை, குழாய், ரோடு, ரோட்டில் இருக்கும் குழி எல்லாம் நிறுவனத்துடையது. காலையில் எத்தனை மணிக்கு எழும்புவது என்பதைப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரம், தீர்மானிக்கும் இடத்தில், உலாவி மட்டும் எப்படித் தப்பும்? போதாக்குறைக்கு, தோட்ட ஆபீஸ் கூரையில் அப்போதுதான் புதிதாக ஒரு அன்டெனா வைத்திருந்தார்கள். என் மூளை வேகமானது. வேண்டிய இடத்தில் நிற்காத வேகம். அன்டெனா, லெப்டொப், தொழிற்சங்கத் தலைவர் வீடு. மூன்றையும் முடிச்சுப் போட்டேன்.

தலைவர் வேறு யாருமில்லை, என் அப்பாதான்.

"அப்பா, நம்ம கம்ப்யூட்டரக் கம்பனி புடிச்சிருச்சு."

"யாரு சொன்னா?"

"அதுலயே எழுதியிருக்கு. தமிழ்லயே எழுதியிருக்கு."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். "கூரைய நிர்வகிங்கடான்னா உள்ள வந்து இத நிர்வகிக்கிறாங்க. அதையும் எழுதி வேற வச்சிருக்காங்க. எவ்வளவு தைரியம் பாரு."

கூரைதான் அப்போது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. தகரம் துருப்பிடித்து, மழை வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாக மாறிக்கொண்டிருந்தோம். பெருமழைக்கு முன் தகரம் மாற்றாவிட்டால் அந்த வருடமும் சட்டிகளோடுதான் வாழ்க்கை. அப்பா அலைந்து அலைந்து துரையிடம் ஒரு சந்திப்பு வாங்கியிருந்தார்.

"தலைவரே, கூரைய மட்டும் பேசுவோம். கம்ப்யூட்டர் வேணாம்," என்றார் முருகேசு மாமா.

"என் மக படிச்சவ. சொன்னா சரியா இருக்கும். மொதல்ல கம்ப்யூட்டர், அப்புறம் கூரை."

(அந்த "என் மக படிச்சவ" காதில் விழுந்தபோது நான் தரையில் நிற்கவில்லை.)

துரை நடுவயதுக்காரர், சிங்களவர். தமிழை அளந்து அளந்து பேசுவார். மேசையில் லெப்டொப்பைத் திறந்து வைத்து, இரவெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "சேர், இது எங்களோட தனிப்பட்ட உரிமையில தலையிடுற விசயம்." அந்த நேரம் பார்த்துப் பெட்டி குதித்து வாழ்த்துச் சொன்னது. துரை அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நங்கி, இது எப்ப இருந்து?"

"கோயில் நோட்டீஸ் அடிச்சதுல இருந்து சேர்."

"நோட்டீஸுக்கு என்ன போட்டது?"

"ஒரு எழுத்து இறக்கினேன்."

"எங்க இருந்து?"

"இலவசமா..."

அந்தச் சொல் வாயைவிட்டு வெளியேறும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளம்பரத் தீநிரல் என்று பாடப் புத்தகத்தில் ஒரு பகுதி உண்டு. இலவசத்தோடு ஒட்டி வரும், தேடல் பக்கத்தை மாற்றும், அழிக்க விடாமல் நிறுவனம் மாதிரி நடிக்கும். பள்ளிக்கூடச் சோதனையில் அதற்கு நான் முழுப் புள்ளி வாங்கியவள்.

"மேக்க அப்பே நெவெய் நங்கி," என்று துரை சிரிக்கத் தொடங்கினார். (இது எங்களுடையது இல்லை தங்கச்சி.) "இது குப்பை. எங்க கம்பனிக்கு இவ்வளவு கெட்டித்தனம் இல்ல." கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். முருகேசு மாமா கூரையைப் பார்த்தார். (ஆபீஸ் கூரை. ஒழுகாதது.) துரை லெப்டொப்பை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, தொப்பியை எடுத்தார். "சரி தலைவர், அப்ப பிரச்சினை முடிஞ்சது."

லயத்துச் சனம் முழுக்க வாசலில் காத்திருக்கிறது. என் ஒரு பச்சைப் பொத்தானால் தகரம் போய்விட்டது.

அப்பா எழும்பவில்லை.

"இருங்க தொரை. அப்ப இந்தக் கம்ப்யூட்டர் உங்க நிர்வாகம் இல்ல."

"இல்ல, இல்ல."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். கம்பனிக்கு ஃபெக்டரி இருக்கு, ரோட் இருக்கு, லயம் இருக்கு. கம்ப்யூட்டர் இல்ல."

"லயம் இருக்கு."

"ஓ, லயம் இருக்கு."

"கூரையோடயா, கூரை இல்லாமயா?"

துரையின் சிரிப்பு பாதியில் நின்றது. தொப்பியை மறுபடி மேசையில் வைத்தார்.

"ஒண்ணுமில்ல, தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன்," என்றார் அப்பா, ரொம்ப மரியாதையாக. "உங்களது இல்லாத சாமான நிர்வகிக்கிறதா எழுதியிருக்கு. உங்களது இருக்கே, அத யாரும் நிர்வகிக்கிறதாத் தெரியல. நாங்க இதக் குடை புடிச்சு வச்சிருக்கோங்க. வீட்டுக்குள்ள."

துரை லெப்டொப்பின் மூடியைப் பார்த்தார். குடையையும் மீறிச் சொட்டு விழுந்து காய்ந்த வட்ட வட்டத் தழும்புகள். பிறகு தொலைபேசியை எடுத்துக் கொழும்போடு சிங்களத்தில் பேசினார். "வெஸ்ஸட்ட கலின்" என்று அழுத்திச் சொன்னது எங்களுக்கும் விளங்கியது. மழைக்கு முன்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னது இவ்வளவுதான்: "அதுக்குள்ள இருக்கிற குப்பைய நீயே எடுத்துரு. வேற யாருகிட்டயாவது குடுத்தா நம்ம மானம் போயிரும்."

எடுத்தேன். வாசலில் பாதி லயம் வேடிக்கை பார்க்க, பட்டப்பகலில் எடுத்தேன். முதலில் இணையத்தைத் துண்டித்தேன். நிரல்களை நாள்வாரியாக அடுக்கி, நோட்டீஸ் அடித்த நாளில் வந்த அந்நியர்களை ஒவ்வொன்றாக வெளியேற்றினேன். "கொள்கைகள்" என்று ஒரு பக்கம் இருந்தது. அந்தக் களவாணி நிறுவனம் மாதிரி வேசம் போட்டது அங்கேதான். ("கொள்கையோடதான் வந்திருக்கு," என்றார் முருகேசு மாமா. சங்கத்துக்காரர் அல்லவா.) விண்டோஸின் அடிவயிற்றுப் பதிவுகளில் அதன் வேரைத் தேடி அழித்ததும், துணைநிரலுக்குப் பக்கத்தில் "அகற்று" பொத்தான் நல்ல பிள்ளையாக முளைத்தது. அகற்றினேன். உலாவியை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, பள்ளிக்கூடத்தில் பாவித்த நம்பகமான வைரஸ் எதிர்ப்பு நிரலால் எல்லாவற்றையும் சோதித்தேன். மூடித் திறந்தேன். பழைய தேடல் பக்கம். அந்த வரி இல்லை. வாசலில் கைதட்டினார்கள்.

"அப்ப அந்தப் போன்?" என்றார் அம்மா.

தகரம் மழைக்கு முன்பே வந்தது. எல்லா லயத்துக்கும் இல்லை, எங்களுக்கும் கீழ் லயத்துக்கும். மற்றதுக்கு அப்பா அடுத்த வருடமும் போய் உட்கார்ந்தார். என் புகழ் டிக்கோயா வரை பரவியது. துரையே தன் மகனின் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆள் அனுப்பினார். திறந்தேன். பூதக்கண்ணாடி. நான் சிரிக்கவில்லை. (வீட்டுக்கு வந்துதான் சிரித்தேன்.) இப்போது ஹட்டனில் எனக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை இருக்கிறது. வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, துரை என்னிடம் கேட்டதுதான்: எங்க இருந்து இறக்கினீங்க?

வீட்டில் மட்டும் அந்த வரி இன்னும் அழியவில்லை. அது அம்மாவின் பெயராகிவிட்டது. போன கிழமை, கூட்டாளிகளோடு யாழ்ப்பாணம் சுற்றுலாப் போகலாமா என்று அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"எனக்குச் சரி புள்ள," என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "ஆனா நிறுவனம் கொழுந்து பறிக்கப் போயிருக்கு. வந்ததும் கேட்டுச் சொல்றேன்."