ஸ்லாட்டண்ணனின் பணியாரச் சட்டி

மதுரையில் எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஷேர் ஆட்டோவில் ஏழு பேர் நசுங்கிக்கொண்டிருக்க, எட்டாவது ஆள் வந்தால்தான் வண்டி நகரும் என்று உறுமிக்கொண்டு நிற்கும் டிரைவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் ஸ்லாட்டண்ணனுக்கு முன்னால் அவர்களெல்லாம் பச்சைப்பிள்ளைகள். உலகத்தில் எங்கேயாவது ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் போதும், அந்த மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அவருடைய நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. தெப்பக்குளம் போகிற வழியில், ஒரு சந்துக்குள் அவருடைய கடை. பலகையில் 'லேப்டாப் சர்வீஸ்' என்று மட்டும் இருக்கும். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. பக்கத்துத் தெருவில், ஆய்வேடுகளை டைப் செய்து பைண்டிங் போட்டுக் கொடுக்கும் கடையில் நான் அப்போது பிழைதிருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் கம்ப்யூட்டர்கள் வாரத்துக்கு ஒன்று படுக்கும். அப்படித்தான் பழக்கம்.

லேப்டாப்பின் வயிற்றுக்குள் சில சமயம் ஒரு ஸ்லாட் சும்மா இருக்கும். பின்னால் வேண்டுமென்றால் ஒரு கார்டு செருகிக்கொள்ளட்டும் என்று கம்பெனிக்காரன் விட்டுவைத்த இடம். முக்கால்வாசிப் பேர் அது இருப்பதே தெரியாமல் லேப்டாப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். ஸ்லாட்டண்ணனிடம் அந்தக் கதை நடக்காது. நான் முதல்முறை போனது கீபோர்டு மாற்றுவதற்காக. அடிமூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தவர், ஏதோ சாவு விழுந்த மாதிரி நெஞ்சில் கைவைத்தார்.

"அண்ணே, ஒரு ஸ்லாட்டு சும்மா கெடக்கே!"

"கெடந்துட்டுப் போகுது. நீங்க கீபோர்ட மாத்துங்கண்ணே."

"அதெப்புடி? பந்தியில நடுவுல ஒரு எலைய விட்டுட்டுப் பரிமாறுவீகளா? பாத்துக்கிட்டு மூடச் சொல்றீகளா? எனக்குக் கை வராதுண்ணே."

செத்துப்போன ஏதோ ஒரு லேப்டாப்பிலிருந்து சிம் போடுகிற கார்டு ஒன்றை எடுத்துச் செருகி, அதற்கப்புறம்தான் மூடினார். என்னிடம் இருந்தது ஒரே ஒரு சிம். அது போனில் இருந்தது. இதைச் சொன்னதற்கு, "என்னைக்காச்சும் ஆகும்ணே" என்றார். இன்றுவரை ஆகவில்லை.

அவர் கடைக்குள் நுழைவதற்கென்று சட்டதிட்டங்கள் உண்டு. முதலில் வாசலில் இருக்கும் இரும்புக் கேட்டைத் தொட வேண்டும். "ஒடம்புல கரண்டு நிக்கும்ணே. நமக்குக் கூச்சங்கூடத் தெரியாது. ஆனா கார்டு மேல கைய வச்சோம், அதுக்கு உசுரு போயிரும்" என்பார். கார்டைத் தொடப்போவது அவர் ஒருவர்தான். இருந்தாலும் ஊரே கேட்டைத் தொட வேண்டும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் தொடுவதைப் பார்த்து, யாரோ ஒரு புண்ணியவதி அந்தக் கேட்டுக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் அதை அழிக்கவில்லை. இரண்டாவது சட்டம், பாலியஸ்டர் ஆகாது; அந்தத் துணி உரசினாலே உடம்பில் கரண்டு ஏறுமாம். பளபள சட்டையோடு வந்த ஒரு பேங்க் ஆபீசரை, சட்டையைக் கழற்றவைத்துத் தன் காசித்துண்டைப் போர்த்தி உட்காரவைத்திருந்தார். பாவம், அந்த மனுஷர் வேண்டுதலுக்கு வந்தவர்போல ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் வேலையில் கெட்டி. கழற்றும் ஸ்க்ரூக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க அவர் வைத்திருந்தது ஏழு குழிப் பணியாரச் சட்டி. அடிமூடி ஸ்க்ரூ ஒரு குழியில், விசிறி ஸ்க்ரூ ஒரு குழியில் என்று அது அதற்கு இடம் உண்டு. "நீள ஸ்க்ரூவக் குட்ட எடத்துல முறுக்குனா போர்டப் பொத்துக்கிட்டுப் போயிரும்ணே" என்பார். சட்டியின் உரிமையாளர் அவர் மனைவி. நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். காலையிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை சட்டி கடைக்கு, நாலு மணிக்குமேல் அடுப்பங்கரைக்கு என்று இருவருக்கும் ஒப்பந்தம். நாலு அடித்தால் அக்கா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து, ஸ்க்ரூக்களைத் துண்டில் கவிழ்த்துவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கழுவித்தான் சுடுவார், சந்தேகம் வேண்டாம். கடையில் யார் இருந்தாலும் ஆளுக்கு நாலு பணியாரம் வரும். எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சரியாக நாலு மணிக்குக் கெட்டுப்போனதற்குக் காரணம் இதுதான்.

இப்படி இருக்கையில்தான் மலர்விழி வந்தாள். சோழவந்தான் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை. இவள் அதே வெற்றிலையில் வரும் புள்ளிநோயைப் பற்றி பிஎச்.டி செய்து, ஆய்வேட்டை எங்கள் கடையில்தான் அச்சுக்குக் கொடுத்திருந்தாள். வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் இரண்டே நாள். அன்றைக்கு மதியம் கண் கலங்கி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, லேப்டாப்பு ரொம்பி வழியுது. எலப் படத்த ஒன்னு தொறந்தா அப்புடியே நின்னுபோகுது. வைவாவுல இதெல்லாம் தெரையில காட்டலன்னா நான் போயி நிக்கிறதே வீண்ணே."

என் லேப்டாப்பைத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஸ்லாட்டண்ணனிடம் கூட்டிப்போனேன். இருவரும் கேட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனோம். விஷயத்தைக் கேட்டவர் என்னை ஒரு முறை முறைத்தார்.

"எரவல் லேப்டாப்பா? கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய எரவல் வாங்குவீகளா? படத்த அளக்குற சாப்ட்வேரு எல்லாம் இதுலதான இருக்கு? இங்கிட்டுக் குடு ஆத்தா."

அடிமூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார். அவர் முகம் மலர்ந்ததே, அடேயப்பா! மெமரிக்குப் பக்கத்தில், அரை விரல் நீளத்துக்கு ஒரு ஸ்லாட் காலி.

"பழைய டிஸ்க்கத் தொடவே வேணாம்த்தா. அது பாட்டுக்கு இருக்கட்டும். இதுல ஒரு ஸ்டோரேஜ் கார்டு செருகி, படத்தப் பூராம் அங்கிட்டு ஏத்திருவோம். ஒத்தப் படம் போகாது."

பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினார். கார்டைச் சாய்வாகச் செருகி, மெதுவாகப் படுக்கவைத்தார். கையை எடுத்தால் அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பிடித்து உட்காரவைக்கக் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்க்ரூ ஒன்று வேண்டும். அந்த அளவில் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இடது கையால் கார்டை அமுக்கிக்கொண்டே வலது கையைச் சட்டிக்கு நீட்டினார். சட்டியைக் காணோம். மணி நாலரை.

துண்டில் கொட்டிக் கிடந்த ஸ்க்ரூக்களைத் துழாவினார். அது இல்லை. "ஏய்ய்ய்!" என்று உள்ளே பார்த்து ஒரு சத்தம். அப்புறம் திரைச்சீலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக, அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிராவில் சண்டை நடந்தது. எங்களுக்கு அதில் புரிந்தது 'ஸ்க்ரூ', 'பணியாரம்' என்ற இரண்டு வார்த்தைகள்தான். ஆனால் அந்த ஸ்க்ரூ குழியின் அடியில் ஒட்டிக்கொண்டு, கழுவலுக்கும் தப்பி, மாவோடு வெந்துவிட்டது என்பது புரிந்துவிட்டது. முதல் ஈடு பணியாரம் ஏற்கெனவே எங்கள் கையில் இருந்தது.

"யாரும் முழுங்காதீக!" என்று அலறினார் அண்ணன். அன்றைக்கும் பணியார நேரத்துக்கு வந்திருந்த பேங்க் ஆபீசர் மென்றது மென்றபடி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கார்டை விடாமலே காந்த ஸ்க்ரூடிரைவரை நீட்டி, தட்டில் மிச்சமிருந்த ஒவ்வொரு பணியாரத்தையும் நாடி பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

எனக்கு அவசர புத்தி. கடைசி வாயை விழுங்குவதற்கு முன்னால் மென்றுதான் பார்ப்போமே என்று ஒரு கடி கடித்தேன். கடக்! ஸ்க்ரூவும் வந்தது, என் பல்லின் ஒரு மூலையும் வந்தது.

"கெடச்சிருச்சு!" என்று குதித்தார் அண்ணன். என் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை? ஊஹூம். ஸ்க்ரூவைக் கழுவி, துடைத்து, ஊதி, முறுக்கிவிட்டு, கார்டு அசையாமல் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சிரிங்கண்ணே, பாப்போம். ஐயையோ, காலியிடம் விழுந்துருச்சே!"

லேப்டாப் புதுக் கார்டை அடையாளம் கண்டுகொண்டது. படங்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. வெற்றிலை, வெற்றிலை, மேலும் வெற்றிலை. பார்த்துக்கொண்டே இருந்த அண்ணன் கேட்டார்.

"ஏத்தா, எல்லாப் படத்துலயும் ஓரத்துல ஒரு கட்டவெரலு வருதே, யாருது?"

"அப்பாவோடதுண்ணே. காத்துல எல ஆடும்ல. அவரு பிடிச்சுக்குவாரு, நான் படம் எடுப்பேன்."

"வைவாவுக்கு வாராகளா?"

"வாசல் வரைக்கும் வாரேன்னுருக்காரு. 'படிச்சவுக உக்காருற எடம்த்தா, நான் வந்து ஒனக்கு எதுக்குக் கொறச்சல்'னு சொல்லிட்டாரு. அம்மாவுக்கு ஒடம்பு முடியல. எங்களுக்கு வேற யாரு இருக்கா? சீனியர் வைவாவுல எல்லாம் ஹாலு நெறஞ்சு நிக்கும்ணே. எனக்கு எங்க சாரும் ஆபீஸ் ஆளுங்களுந்தான். காலிச் சேரப் பாத்துப் பேசணும். அதுதான் பயமா இருக்கு."

"எத்தன சேரு?"

"அறுபது இருக்கும்ணே."

"எந்தக் காலேஜு? எம்புட்டு மணிக்கு?"

அவள் சொன்னாள். அண்ணன் அடிமூடியை மூடினார்.

பிஎச்.டி வாய்மொழித் தேர்வு நம் ஊரில் ஊரறிய நடப்பது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்விகூடக் கேட்கலாம். யாரும் வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம். தேர்வு அன்றைக்கு நான் போனபோது ஹாலில் மொத்தம் பதினோரு பேர். வாசலில் வேப்பமரத்தடியில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், கையில் மஞ்சப்பையோடு நின்றிருந்தார். பையை இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கட்டைவிரலை எனக்கு நன்றாகவே தெரியும்.

மணி பத்தடிக்க ஐந்து நிமிடம். வெளியே ஒரே சத்தம். எட்டிப்பார்த்தால், ஸ்லாட்டண்ணன் முன்னால் வருகிறார், பின்னால் அவருடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும். பேங்க் ஆபீசர் பருத்திச் சட்டையில். டெய்லர், பூக்கடைக்காரம்மா, ஜெராக்ஸ்காரர், பெரிய தூக்குவாளியோடு அக்கா. ஹால் வாசலில் ஓர் இரும்பு கிரில் இருந்தது. ஒருவர் விடாமல் அதைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்கு ஒன்றும் ஓடவில்லை. இது இந்தக் கல்லூரியின் மரபு என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் எழுந்துபோய் ஒருமுறை தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மலர்விழி மைக்குக்கு முன்னால் திகைத்து நின்றாள். அண்ணன் உட்காராமல் சேர்களை எண்ணிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரே ஒரு சேர் காலி. அவர் முகம் மாறிவிட்டது. விறுவிறுவென்று வெளியே போனார். எனக்கு மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன்.

"ஐயா, உள்ள ஒரு சேரு காலியா இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. நான் இங்கனயே நின்னுக்கிறேன்."

"இருக்கக் கூடாதுய்யா. தெரையில மொதப் படமே ஒங்க கட்டவெரலுதான். வெரலு உள்ள இருக்கு, ஆளு வெளிய நின்னா எப்புடி? வாங்கய்யா."

அவர் தயங்கினார். அண்ணன் அவர் கையிலிருந்து மஞ்சப்பையை வாங்கிக்கொண்டு மற்றொரு கையால் அவர் கையைப் பிடித்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, எல்லாரையும் போல கிரில்லைத் தொட்டுவிட்டு, அந்த மனிதர் முன்வரிசையில் சேரின் நுனியில் உட்கார்ந்தார். மலர்விழி பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் படத்தைத் திரையில் போட்டாள். ஒரு வெற்றிலை, அதைப் பிடித்திருக்கும் விரல். அதற்கப்புறம் அவள் குரல் ஓர் இடத்திலும் நடுங்கவில்லை. டாக்டர் மலர்விழி என்று தேர்வாளர் அறிவித்தபோது அந்தப் பெரியவர் கைதட்டவே இல்லை. கட்டைவிரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஸ்லாட்டண்ணனுக்கு உட்கார இடமில்லை. சுவரோரம் நின்றுகொண்டு, நிறைந்த ஹாலை ஒரு தரம் பார்த்துவிட்டு, அக்காவிடம் திரும்பி ஏதோ சொன்னார். சௌராஷ்டிராதான். புரியவில்லை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

என்னை எங்கே பார்த்தாலும் இன்றைக்கும் நிறுத்திவிடுவார். "சிரிங்கண்ணே. இன்னும் அடைக்கலயா? பாக்கப் பாக்க எனக்குப் பதறுது, டாக்டருகிட்ட போங்கண்ணே!" என்று பத்து நிமிடம் பிடித்துக்கொள்வார். அப்புறம் பணியாரம் சாப்பிடக் கூப்பிடுவார். பல் டாக்டரும் ஐந்தே நிமிட வேலை என்கிறார். நான் போகவில்லை. அந்த மனுஷன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடிப்பதற்கு, என்னிடமும் ஓர் இடம் காலியாக இருந்துவிட்டுப் போகட்டும்.