குழாய்த் துப்பாக்கி சுபேதார்

எதிரியின் கைவேலையை மனசாரப் பாராட்டிய ஒரே பட்டாளத்துக்காரர் இந்த உலகத்தில் எங்கள் சுபேதார்தான்.

பழனிசெட்டிபட்டியில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். வடகிழக்கு எல்லையில் வேலை பார்த்துத் திரும்பிய மற்ற பட்டாளத்துக்காரர்கள் கம்பளி கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது, காட்டுக்குள் கெரில்லாக்கள் கையால் செய்த துப்பாக்கிகள். சுடமுடியாதபடி குழலை அடைத்து, முறையாக அனுமதி வாங்கி, ஹால் சுவர் முழுக்க மாட்டியிருந்தார். ஒன்றுக்குத் தண்ணீர்க் குழாய்தான் குழல். இன்னொன்றில் கதவுத் தாழ்ப்பாள் விசையாகியிருந்தது. கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூட எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்காமல் வாசலைத் தாண்ட முடியாது. அவர் மனைவி மட்டும் அவற்றை மதித்ததில்லை. காய்கறிப் பையை ஒரு துப்பாக்கியில்தான் மாட்டுவார்.

மகள் கவிதாவைப் பெண் பார்க்கக் கம்பத்திலிருந்து ஒரு திராட்சை வியாபாரி தன் மகனுக்காகக் குடும்பத்தோடு வந்தார். சுபேதாரின் மனைவி முன்கூட்டியே சுவரைப் போர்வையால் மூடிவிட்டார். சுபேதார் துப்பாக்கிப் பேச்சை எடுக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஃபேன் காற்றில் போர்வை விழுந்தது. வியாபாரி நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், என் பொறுப்பு முடிந்தது. சுபேதார் பெரிய துப்பாக்கியாகப் பார்த்து இறக்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கத் தொடங்கினார். பேச்சு மும்முரத்தில் குழல் வியாபாரியின் தொப்பையை உரசிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்கு," என்றார் வியாபாரி. "தேதியையும் நீங்களே சொல்லிருங்க."

பெண் இன்னும் அறையைவிட்டு வெளியே வரவே இல்லை.

சொன்ன கையோடு எழுந்துபோய்ச் செருப்பை மாட்டினார். உள்ளேயிருந்து சுபேதாரின் மனைவி, துப்பாக்கி எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போடப்போவதாகச் சத்தம் போட்டார். அப்போதுதான் கவிதா காபித் தட்டோடு வந்து நின்றாள்.

"பயந்து சொல்ற சம்மதம் வேணாம்ப்பா. இது ஏன் நம்ம வீட்ல இருக்குன்னு அவுககிட்டச் சொல்லுங்க."

சுபேதாரின் குரல் இறங்கியது. ஓர் ஓடைக்கரையில் ஒருவன் எதிரே குதித்து, இதே துப்பாக்கியை நெஞ்சுக்கு நேரே நீட்டி விசையை அழுத்தினானாம். வெடிக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்களாம். பிறகு அவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான். இவர் சுடவில்லை. அன்று முதல் இப்படிப்பட்டது எங்கே பிடிபட்டாலும் கேட்டு வாங்கிச் சேர்த்தாராம்.

"அவனுக்கு ஸ்பிரிங் சரியா வரல. அதனாலதான் நான் ஊரு வந்து சேந்தேன். இவளும் பொறந்தா," என்றார்.

வியாபாரி துப்பாக்கியை வாங்கிக் கையில் ஏந்தி, கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் மெதுவாகத் தடவினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, காபி ஆறிவிட்டது, சூடாக வேறு வேண்டும் என்றார்.

கல்யாணம் கம்பத்தில் ஜோராக நடந்தது. தாலி கட்டும்போது சுபேதார் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டே, அடுப்புப் புகை என்று என்னிடம் சொன்னார். சமையலெல்லாம் பின்கட்டில் கேஸ் அடுப்பில் நடந்துகொண்டிருந்தது.

"ஆமாங்கய்யா, ரொம்பப் புகை," என்று நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.